ஆற்றில் போட்டாலும் அளந்து போடு



தவளக்குப்பத்தில் கடை வைத்திருக்கும் நாம் அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்துக்கு வீட்டு வரியும் தொழில் உரிமக் கட்டணமும் கட்டுகிறோம். எந்த வாய்க்காலை முதலில் தூர் வாருவது, குப்பை அள்ள எவ்வளவு செலவிடுவது என்பதெல்லாம் சில்லறைத் தீர்மானங்களாகத் தோன்றலாம். ஆனால், ஐப்பசி மழையில் வாய்க்கால் தண்ணீர் கடைக்குள் புகுந்தால் நனைவது நம் அரிசி மூட்டைதான்.

புதுவையில் கொம்யூன் மன்றங்கள் 1880-இல் பிரெஞ்சுக்காரர் ஆட்சியிலேயே வந்தவை. பிற்காலத்தில் 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து, 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த உறுப்பினர்களின் காலம் 2011-இல் முடிந்ததும் நிர்வாகம் அதிகாரிகள் கைக்குப் போனது. 2021-இல் தேர்தல் அறிவித்தும் நின்றுவிட்டது. ஐந்தாண்டுக்கொரு தேர்தல் என்று அரசியல் சட்டம் 1993 முதல் சொல்லி வருகிறது.

அதிகாரிகளைக் குறை கூறுவது என் நோக்கமன்று. நல்ல கணக்கப்பிள்ளை இருந்தாலும் முதலாளி பேரேட்டைப் புரட்டிப் பார்ப்பது வழக்கம். மன்றம் கூடினால் நம் வார்டு உறுப்பினர் நமக்காகக் கேள்வி கேட்பார். மன்றமே இல்லாதபோது யார் கேட்பது?

தேர்தல் நடத்தியே ஆக வேண்டும். அதுவரை மாதாமாதம் வரவு செலவைக் கொம்யூன் அலுவலகப் பலகையிலும் கடைத்தெருவிலும் ஒட்டச் சொல்லி நம் சங்கம் மனு கொடுக்கட்டும். மறுத்தால் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வரி கட்டுகிறவன் கணக்குக் கேட்பது சண்டையல்ல, வியாபார முறை.