காட்டுக்குள் ஒரு மணி நேரம்

மகள் களைத்துப்போனால் "கொஞ்சம் படுத்தெழும்பு" என்பார் உம்மா. மகளும் படுக்கிறாள், கையில் தொலைபேசியோடு. அரை மணி நேரம் கழித்து எழும்பும்போது கண்ணும் மனமும் முன்னரைவிடக் களைத்திருக்கின்றன. பாடசாலை, பின்னேர வகுப்பு, மீட்டல், மாதிரி வினாத்தாள் என்று ஓடும் மாணவிக்கு உறக்கம் மட்டும் போதாது. இன்னொரு வகை ஓய்வும் வேண்டும். அதைக் காடு தரும்.

அமெரிக்க உளவியலாளர்களான ரேச்சல் கப்லனும் ஸ்டீபன் கப்லனும் 1989இல் வெளியிட்ட நூலில் இதற்கு விளக்கம் தந்தார்கள். கணக்குச் செய்யும்போதும் பாடமாக்கும்போதும் மனதை இழுத்துப் பிடித்து ஓரிடத்தில் நிறுத்துகிறோம். நேரம் செல்லச் செல்ல அந்தப் பிடி தளர்கிறது. எரிச்சல் வருகிறது, வாசித்த வரியையே திரும்பவும் வாசிக்கிறோம். ஆனால் கிளையின் அசைவும் இலைகளுக்கூடாக விழும் வெளிச்சமும் ஓடையின் ஓசையும் மனதை வற்புறுத்தாமலே ஈர்க்கின்றன. அந்த வேளையில் களைத்த கவனம் ஓய்வெடுத்துக்கொள்கிறது.

யப்பானின் வனத்துறை 1982இல் 'ஷின்ரின் யோகு', அதாவது வனக் குளியல் என்ற பெயரில் இப்பழக்கத்தை ஊக்குவித்தது. இதற்குத் தண்ணீர் தேவையில்லை. மெதுவாக நடந்து, நின்று, பார்த்து, கேட்டு, மண்ணின் வாசனையை முகர்ந்து இருப்பதே அந்தக் குளியல். காட்டில் இருந்தவர்களையும் நகரத்தில் இருந்தவர்களையும் அங்குள்ள ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். காட்டில் இருந்தவர்களுக்கு மனஅழுத்தத்தோடு தொடர்புடைய கோர்ட்டிசோல் குறைந்திருந்தது. நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் தணிந்திருந்தன.

இதற்காக நாம் யப்பானுக்குப் போக வேண்டியதில்லை. கண்டி நகரின் நடுவிலேயே, தலதா மாளிகைக்குப் பின்னால், ஏறத்தாழ 104 ஹெக்டேயர் பரப்பில் உடவத்தகெலே காடு இருக்கிறது. உள்ளே சிறிது தூரம் நடந்தால் பஸ்களின் ஹோன் சத்தம் மங்கி, பறவைகளின் குரல் தெளிவாகக் கேட்கத் தொடங்கும். தெற்கில் கன்னெலிய உண்டு. 1988இல் உலக மரபுரிமையாக்கப்பட்ட சிங்கராஜ உண்டு.

ஆனால் நாம் காட்டுக்குப் போகும் விதம்தான் கவலை தருகிறது. பஸ்ஸில் உச்சச் சத்தத்தில் பாட்டு. இறங்கியதும் படம் பிடித்தல். "அடுத்த இடத்துக்கு நேரமாச்சு" என்று ஓட்டம். திரும்பி வரும்போது தொலைபேசியில் நூறு படங்கள் இருக்கும். காடு மனதில் இருக்காது.

பெற்றோரிடம் இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஆண் பிள்ளைகள் நண்பர்களோடு ஆற்றுக்கும் மலைக்கும் போய் வருகிறார்கள். பெண் பிள்ளைகளோ காட்டைப் பெரும்பாலும் பஸ் யன்னலூடாகவே பார்க்கிறார்கள். பாதுகாப்பு பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. தனியே அனுப்புங்கள் என்று யாரும் கேட்கவில்லை; நீங்களும் கூட வாருங்கள். அனுமதிக்கப்பட்ட பாதையில் காலை வேளையில் குடும்பமாக நடக்கலாம். அட்டை கடித்தால் இரத்தம் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். பரீட்சை நெருங்குகிறதே என்றால், களைத்த மூளையோடு மூன்று மணி நேரம் புத்தகத்தின் முன் இருப்பதைவிட, தெளிந்த மனதோடு ஒரு மணி நேரம் படிப்பது மேலல்லவா?

காடு மருந்துக்குப் பதிலாகாது. நீண்ட நாள் துயரத்துக்கும் உறக்கமின்மைக்கும் வைத்தியரை நாடத்தான் வேண்டும். ஆனால் அன்றாடக் களைப்புக்கு இது செலவு குறைந்த நல்ல வழி.

எனவே பாடசாலைக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த சுற்றுலாப் பட்டியலில் ஓர் இடத்தைக் குறையுங்கள். மிஞ்சும் அந்த ஒரு மணி நேரத்தை மாணவிகளுக்குக் காட்டில் கொடுங்கள். தொலைபேசிகள் பையில் இருக்கட்டும். யாரும் பாடம் நடத்த வேண்டாம், கட்டுரை எழுதச் சொல்லவும் வேண்டாம். ஒரு மரத்தடியில் சும்மா இருக்க விடுங்கள்.