ஜெனரேட்டர் பெட்ரோலும் சரக்குதான்

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பாக ஒரு விஷயத்தை எல்லோர் கவனத்திற்கும் கொண்டுவர விரும்புகிறோம்.

2012-இல் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது, சிறு மளிகைக் கடைக்காரர்களிலும் பலர் பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கி வைத்தோம். அன்று தினமும் ஓடியது, பழுது குறைவு. இன்று அது ஆண்டில் பெரும்பகுதி சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் கிடக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா மாவட்டங்களில் பல ஊர்கள் நாள் கணக்கில் இருளில் கிடந்தன. அப்படிப்பட்ட நாளில்தான் கயிற்றை இழுக்கிறோம். ஸ்டார்ட் ஆவதில்லை. பாலும் தயிரும் கெட்டுவிடுமே என்ற பதற்றத்தில் கடைப் பையனை அழைத்து, "கழற்றிப் பாரடா" என்கிறோம். ஆபத்து அங்கேதான் ஆரம்பமாகிறது.

பெரும்பாலும் கோளாறு எஞ்சினில் இல்லை, பழைய பெட்ரோலில்தான் இருக்கிறது. ஓரிரு மாதம் கிடந்தாலே பெட்ரோல் வீரியம் இழக்கும்; நாளாக ஆகப் பிசினாகி கார்புரேட்டரின் நுண்ணிய துளையை அடைத்துவிடும். இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகமானால் அதோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பழைய சரக்கை முதலில் தள்ள வேண்டும் என்று அறிந்த நாம், பெட்ரோலை மட்டும் ஏன் மறக்கிறோம்?

சுத்தம் செய்வது பெரிய வித்தையல்ல. ஆனால் முறை உண்டு. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, வெட்டவெளியில், பகல் வெளிச்சத்தில் செய்ய வேண்டும். பிளக் வயரைக் கழற்றி, பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டரின் அடித் திருகைத் திறந்து பழைய பெட்ரோலைத் தகர டப்பாவில் பிடிக்க வேண்டும். சாக்கடையில் ஊற்றக் கூடாது. மெழுகுவர்த்தி, பீடி, சாமி விளக்கு எதுவும் அருகில் ஆகாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று தூரத்து நெருப்பையும் பற்றும். கற்பூரமும் தீப்பெட்டியும் எண்ணெய் டின்னும் அடுக்கிய நம் கடையில் அதன் விளைவைச் சொல்லத் தேவையில்லை. பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும். மணல் வாளியும் பவுடர் தீயணைப்பானும் பக்கத்தில் இருக்கட்டும்.

டேங்கிலிருந்து பெட்ரோலை ரப்பர் குழாய் வைத்து வாயால் உறிஞ்சச் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரு மடக்கு நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. பத்து ரூபாய்ப் பொருளை விற்கும்போது காலாவதித் தேதி பார்க்கும் நாம், நம்மை நம்பி வந்த பையனின் உயிரை இப்படிப் பணயம் வைக்கலாமா? மெக்கானிக் கூலி மிச்சமாகலாம். அந்தப் பெற்றோருக்கு என்ன பதில் சொல்வோம்?

மழைக்குப் பயந்து ஷட்டரைப் பாதி இறக்கி, ஜெனரேட்டரை உள்ளே ஓட்டுவதும் கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தூக்கம் போல வந்து உயிரைக் கொண்டுபோகும். சேமிப்பிலும் அளவு வேண்டும். 1934-ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி உரிமம் இன்றிச் சொந்த உபயோகத்துக்கு 30 லிட்டருக்கு மேல் பெட்ரோல் வைத்திருக்கக் கூடாது. நமக்கு ஐந்து லிட்டரே போதும், அதுவும் இறுக மூடிய தகரக் கேனில். தண்ணீர் பாட்டிலில் வேண்டவே வேண்டாம்.

எனவே நமது யோசனை இது. ஆயுத பூஜைக்கு எல்லாக் கடையிலும் தராசைத் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். அந்த வாரத்திலேயே தெருவுக்கு ஒரு மெக்கானிக்கைச் சங்கமே அமர்த்தி, எல்லா ஜெனரேட்டரையும் பார்த்துவிடலாம். கூலியைப் பங்கிட்டால் பெரிய தொகை ஆகாது. மழைக்காலம் முடிந்ததும் டேங்கை வடித்துவிட்டு, மிச்சம் தீர்ந்து தானே நிற்கும் வரை எஞ்சினை ஓடவிட்டு மூடி வைக்கலாம். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகவே நிறைவேற்ற வேண்டுகிறோம்.