மஞ்சள் தூள் வாங்கித் தரும் ஒரு நாள்

பொள்ளாச்சியில் தேங்காய் ஏற்றிக்கொண்டு திருச்சூர் பக்கம் போகும் பழைய லாரி ஒன்று, கோவிந்தாபுரத்தில் மாநில எல்லையைத் தாண்டி கொல்லங்கோடு வந்து சேர்கிறது. தெற்கே சுவர் போல நிற்கும் நெல்லியாம்பதி மலையை டிரைவர் பார்க்கவில்லை. அவர் கண் டெம்பரேச்சர் மீட்டரில் இருக்கிறது. வழக்கமாக நடுவில் நிற்கும் முள் சிவப்பை நோக்கி நகர்ந்துவிட்டது. டீக்கடை ஓரமாக நிறுத்திக் குனிந்து பார்த்தால், இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு அடியில் தரை நனைந்திருக்கிறது. சொட்டுச் சொட்டாக, அவசரமே இல்லாமல்.

இந்த வழியில் ஓடுபவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. அடுத்து என்ன நடக்கும் என்பதும் புதிதல்ல. பக்கத்து மளிகைக் கடையிலிருந்து ஒரு பொட்டலம் மஞ்சள் தூள் வரும். வண்டி ஆறியதும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து அதைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி, இன்ஜினை ஓடவிடுவார்கள். தண்ணீரில் கரையாத மஞ்சள் தூள் ஓட்டத்தோடு போய்ப் பொத்தலில் அடைத்துக்கொள்ளும். சொட்டு நிற்கும். வண்டியும் கிளம்பும். (ஆறும்வரை பொறுக்காமல் மூடியைத் திருகி முகத்தைப் பொசுக்கிக்கொண்ட கிளீனர்களின் கதை எல்லா லாரி ஷெட்டிலும் உண்டு.)

இந்த வைத்தியத்தைக் கேலி செய்ய வேண்டியதில்லை. நடுவழியில் சரக்கோடு நிற்பவனுக்கு அது ஒரு நாளை வாங்கித் தருகிறது. ஆனால் மஞ்சளுக்கு நல்ல பொத்தல், கெட்ட பொத்தல் என்ற பாகுபாடு தெரியாது. கசியும் ஓட்டையை அடைக்கும் அதே தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கிறது. மூன்று பொட்டலம் போட்டபின் கசிவு இல்லாமலே இன்ஜின் கொதிக்க ஆரம்பிக்கும். கடைசியில் ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், எண்ணெயில் தண்ணீர் கலந்து, டிப்ஸ்டிக்கை உருவினால் மோர் போல வரும். அன்றைக்குத் தொலைவது ஒரு நாள் வாடகை மட்டுமல்ல.

கசிவு எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. முன்னால் சுழலும் ஃபேன் காற்று, வாட்டர் பம்பில் கசிந்த நீரைக் கூடப் பின்னால் தள்ளிக்கொண்டு போய் கியர்பாக்ஸில் சொட்ட வைக்கும். அதனால் விவரமான மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் துணியை எடுப்பார். இன்ஜினைக் கழுவித் துடைத்து, ரேடியேட்டர் வாயில் கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் குறித்திருக்கும் அழுத்தத்துக்கு மேல் போகாமல் காற்றை ஏற்றிவிட்டு, டார்ச்சும் சின்னக் கண்ணாடியுமாகக் காத்திருப்பார். ஹோஸ், கிளிப், வாட்டர் பம்புக்கு அடியில் உள்ள சிறு துளை எல்லாம் காய்ந்தே இருந்து, கிளட்ச் ஹவுசிங்கின் அடித்துளையில் மட்டும் ஈரம் எட்டிப் பார்த்தால் அவர் முகம் மாறும். விரலால் தொட்டுப் பார்ப்பார். எண்ணெய் என்றால் கிராங்க் சீல். தண்ணீர் என்றால், பெரும்பாலும் பின்பக்க டம்மி.

டம்மி என்பது இன்ஜின் பிளாக்கின் பக்கங்களில் அடித்திருக்கும் தகரக் கிண்ணம். பிளாக்கை மணல் அச்சில் வார்க்கும்போது உள்ளே நிறுத்திய மணலை வெளியே எடுப்பதற்காக விட்ட துளைகளை அது மூடுகிறது. தண்ணீர் பனிக்கட்டியாக உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். அப்போது இந்தக் கிண்ணம் பிதுங்கி வெளியே வந்து பிளாக்கைக் காப்பாற்றும் என்று குளிர் நாடுகளில் ஒரு நம்பிக்கை. அதனால் அங்கே உறைபனியின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். நம் லாரிகளின் இன்ஜின்களும் அந்தக் குளிர் நாடுகளிலிருந்து வந்தவைதாம். டெல்கோ 1954இல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு கைகோத்தது. அசோக் மோட்டார்ஸ் 1955இல் இங்கிலாந்தின் லேலண்டோடு சேர்ந்து பெயரையே மாற்றிக்கொண்டது. கொல்லங்கோட்டில் எதுவும் உறைவதில்லை. இங்கே டம்மி துருப்பிடித்துச் சாகிறது.

காரணம் தண்ணீர். கொல்லங்கோட்டைச் சுற்றிப் பச்சை வயல்கள் கண்ணுக்குத் தெரிந்தாலும், சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பிரதேசம். அங்கும் பொள்ளாச்சிப் பக்கத்திலும் ஆழ்குழாய்க் கிணற்று நீர்தான் கேன்களில் ஏறுகிறது. அதன் உப்பு உள்ளே படிகிறது, இரும்பை அரிக்கிறது. கூலண்ட் என்றாலே பனிக்கு எதிரான மருந்து, நமக்கெதற்கு என்று பல உரிமையாளர்கள் நினைக்கிறார்கள். துருவைத் தடுக்கும் சரக்கும் அதில்தான் இருக்கிறது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. தண்ணீர் இலவசம், கூலண்டுக்குக் காசு. கணக்கு அத்தோடு முடிந்துவிடுகிறது.

டம்மியின் விலை ஒரு சாப்பாட்டுக் காசுக்குள் அடங்கும். அதை மாற்றுவதற்கோ புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி, கியர்பாக்ஸை இறக்கி, கிளட்சையும் ஃபிளைவீலையும் அவிழ்க்க வேண்டும். பழைய லாரியில் இன்னொரு தொல்லையும் உண்டு. கம்பெனி சேஸிஸையும் முகப்பையும் மட்டும் தரும். கேபினை நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகள் மரத்தில் கட்டும். அழகாக ரெக்ஸின் ஒட்டிய தச்சர், கியர்பாக்ஸின் மேல் போல்ட்டுக்குக் கை நுழைய இடம் விட்டாரா என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும்.

“சேட்டா, மஞ்சத்தூளிலேயே திருச்சூர் வரைக்கும் தள்ளிட முடியாதா?”

“போயிரலாம். திரும்பி வர்றதுக்குத்தான் பொறுப்பேற்க மாட்டேன்.”

டிரைவரின் தயக்கத்தையும் குறை சொல்ல முடியாது. 15 ஆண்டைத் தாண்டிய கனரக வண்டிக்குத் தகுதிச் சான்றைப் புதுப்பிக்க 12,500 ரூபாய் என்று 2021 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்த பிறகு, பழைய லாரி வைத்திருப்பவர் ஒவ்வொரு நாள் வாடகையையும் விரல் விட்டு எண்ணுகிறார். முன்பெல்லாம் நென்மாறை, வடக்கஞ்சேரி தாண்டியதும் குதிரான் ஏற்றம் இந்தத் தயக்கத்துக்குத் தீர்ப்புச் சொல்லிவிடும். கசிவுள்ள வண்டி அங்கே நெரிசலில் நின்று ஆவி கக்கும். 2021 ஜூலையில் ஒரு சுரங்கமும் 2022 ஜனவரியில் இன்னொன்றும் திறந்தபின் அந்தப் பரீட்சை இல்லாமல் போனது. நல்ல சாலை நோயை மறைக்கவும் செய்கிறது.

இறக்குவது என்று முடிவெடுத்துவிட்டால் அரைகுறை கூடாது. பழைய கிண்ணத்தை விளிம்பில் தட்டிச் சாய்த்துப் பிடுங்க வேண்டும். உள்ளே விழவிட்டால் தண்ணீர்ப் பாதையில் தங்கிவிடும். துளையைச் சுற்றிலும் எமரி தாளால் பளிச்சென்று துடைத்து, சீலன்ட் தடவி, கிண்ணத்தின் உள்ளளவுக்குப் பொருந்தும் உருளையை வைத்துக் கோணாமல் அடிக்க வேண்டும். கிடைத்தால் பித்தளை, அது துருப்பிடிக்காது. ஒரு டம்மி அரித்திருந்தால் மற்றவற்றுக்கும் அதே வயது, அதே தண்ணீர். எல்லாவற்றையும் மாற்றுவதே புத்திசாலித்தனம். கியர்பாக்ஸ் கீழே இருக்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் பேரிங்கையும் பார்த்துவிட வேண்டும். பிறகு ரேடியேட்டரைக் கழற்றி மஞ்சளும் துருவும் போகக் கழுவி, உப்பில்லாத நீரில் சரிபாதி கூலண்ட் கலந்து, காற்று தங்காமல் நிரப்ப வேண்டும்.

இரண்டு நாள் கழித்து லாரி கிளம்புகிறது. வடக்கஞ்சேரியில் நிறுத்தி டிரைவர் குனிந்து, கிளட்ச் ஹவுசிங்கின் அடித்துளையில் விரலை வைத்துப் பார்க்கிறார். காய்ந்திருக்கிறது. சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர் கேனை மட்டும் அவர் இறக்கவில்லை.