வலிக்காத காலுக்குக் கத்தி எதற்கு?



லுஹருக்கு வுழூச் செய்துவிட்டு எங்கள் பிள்ளைகள் ஹவுளடியிலிருந்து ஓடும்போது சீமெந்துத் தரையில் ஈரக்கால் தடம் விழும். ஒருநாள் நின்று பாருங்கள். சில தடங்களில் நடுவில் வளைவு இருக்கும். சிலது ரொட்டி தட்டிய மாதிரி முழுசாகப் பதிந்திருக்கும். சின்ன வகுப்புப் பிள்ளைகளில் முழுத் தடம்தான் கூட. இவ்வளவு பேரும் நோயாளிகளா?

போன மாதம் ஊர் குரூப்களில் ஒரு வொயிஸ் சுற்றியது. பிள்ளைக்குத் தட்டைப் பாதமாம், இப்பவே ஒபரேஷன் செய்யாவிட்டால் பெரியவனானதும் நடக்க ஏலாதாம், இலட்சக் கணக்கில் காசு வேணுமாம். கூடவே பிள்ளையின் காலைப் படம் பிடித்தும் போட்டிருந்தார்கள். அது எங்கள் பாடசாலைப் பிள்ளை. இடைவேளை மணி அடித்தால் மைதானத்தில் முதல் ஆளாக நிற்கிறவன். வாப்பாவைக் கூப்பிட்டு, வலிக்குது என்று எப்பவாவது சொன்னானா என்று கேட்டோம். "இல்ல சேர், ஒருநாளும் இல்ல" என்றார். பிறகு எதற்கு இந்த ஒபரேஷன்? செனல் பண்ணிய இடத்தில் சொன்னார்களாம். சொந்தக்காரர்களும் பயங்காட்டினார்களாம். யூடியூபிலும் இருந்ததாம்.

உண்மையைச் சொல்வதென்றால் இந்தப் பயத்தில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. விளையாட்டுப் போட்டிக்குப் பழக்கும்போது "தாரா நடை" என்று சிரித்தவர்கள் ஆசிரியர்களான நாங்கள்தான். அதைக் கேட்டு வீட்டில் போய் அழுத பிள்ளையைப் பார்த்துத்தான் அந்த உம்மா டொக்டரைத் தேடிப் போயிருக்கிறார்.

பிறக்கும்போது எல்லாப் பிள்ளைக்கும் பாதம் தட்டைதான். வளைவு பத்து வயது வரைக்கும் மெதுவாகத்தான் உருவாகும். ஆஸ்திரியாவில் 3 முதல் 6 வயதுவரையான 835 பிள்ளைகளைப் பரிசோதித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், 3 வயதில் 54 வீதமானோருக்குத் தட்டைப் பாதம் இருந்தது, 6 வயதில் 24 வீதமானோருக்குத்தான். கத்தியா அதைக் குறைத்தது?

வீட்டிலேயே பார்க்கலாம். ஹவுள் கட்டில் குந்திக் காலைத் தொங்கப்போட்டால் வளைவு தெரியும், இறங்கி நின்றால் மறையும். குதியை உயர்த்தி விரலில் நிற்கச் சொன்னால் திரும்ப எழும்பி வரும். அப்படி வந்தால் அது வளைந்து கொடுக்கிற பாதம். வலியும் இல்லையென்றால் ஒபரேஷனுக்கு அங்கே வேலையே இல்லை.

விசேட சப்பாத்துக்காரர்களும் கவனிக்கட்டும். அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகளை மூன்று வருடம் பின்தொடர்ந்து 1989இல் வெளியிட்டார்கள். சப்பாத்து, உள்தகடு போட்டவர்களுக்கும் ஒன்றும் போடாதவர்களுக்கும் கால் ஒரே மாதிரித்தான் தேறியிருந்தது. பக்கத்து இந்தியாவில் 2,300 பிள்ளைகளைப் பார்த்த 1992ஆம் ஆண்டு ஆய்வில், வெறுங்காலோடு வளர்ந்தவர்களைவிடச் சப்பாத்துப் போட்டு வளர்ந்தவர்களிடம்தான் தட்டைப் பாதம் கூட இருந்தது. வெறுங்காலில் ஓடும் ஏழைப் பிள்ளையைப் பார்த்து நாம் பரிதாபப்படுகிறோம்!

ஒபரேஷன் என்றால் என்னவென்று வொயிஸ் அனுப்பியவருக்குத் தெரியுமா? ஒரு முறையில் குதிகால் எலும்பை வெட்டி, இடையில் எலும்புத் துண்டு வைத்து நீட்டுவார்கள். பிள்ளை வாரக் கணக்கில் பிளாஸ்டரில் கிடக்க வேணும். இன்னொரு முறையில் கணுக்காலுக்குக் கீழே எலும்புகளுக்கிடையில் திருகாணி போன்ற ஒன்றை இறக்குவார்கள். சிலருக்கு அதுவே வலியாகி, திரும்பவும் மயக்கி, திரும்பவும் வெட்டி எடுக்க வேண்டி வரும். வலியே இல்லாத பிள்ளைக்கு வலியைக் காசு கொடுத்து வாங்குவதற்கா நாம் வசூல் செய்கிறோம்?

ஒபரேஷனே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. விரலில் நின்றாலும் வளைவு வராத விறைத்த பாதம், ஒரு காலில் மட்டும் உள்ளது, நாளுக்கு நாள் கூடுவது, வலியால் விளையாட்டை விட்டு ஒதுங்கும் பிள்ளை, இவர்களைக் கட்டாயம் எலும்பு வைத்திய நிபுணரிடம் காட்ட வேணும். குதி நரம்பு இறுகியிருந்தால் அதை இழுத்துவிடும் பயிற்சியை மாதக் கணக்கில் செய்து, உள்தகடும் போட்டுப் பார்த்து, அதற்குப் பிறகும் வலி நின்றால்தான் கத்தியைப் பற்றிப் பேச வேணும். அப்படிப்பட்ட பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவதும் அநியாயம்.

"படிப்பிக்கிற உங்களுக்கு வைத்தியம் என்ன தெரியும்?" என்று ஒருவர் கேட்டார். தெரியாதுதான். அதனால்தான் வாப்பாவின் சம்மதத்தோடு அரசாங்க ஆஸ்பத்திரி கிளினிக்குக்குப் போனோம். விடியச் சாமம் போய் நம்பர் எடுத்து, பகல் வரைக்கும் வரிசையில் இருந்தோம். நிபுணர் விரலில் நிற்கச் சொன்னார். குதியைப் பிடித்துப் பாதத்தை மேலே மடித்துப் பார்த்தார். ஒரு பயிற்சியைக் காட்டித் தந்துவிட்டு, வலி வந்தால் மட்டும் கூட்டி வாருங்கள் என்றார். ஒரு சதமும் செலவில்லை.

பிள்ளை இப்பவும் மைதானத்தில்தான். ஆனால் அந்த வொயிஸும் படமும் இன்னும் நிற்கவில்லை. நேற்றும் ஒரு குரூப்பில் வந்தது. உங்கள் போனில் இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள், அவனுக்கு வாசிக்கத் தெரியும். காசு அனுப்பியவர்கள் பள்ளி நிர்வாகத்திடம் பெயரைச் சொல்லித் திருப்பிப் பெற்றுக்கொள்ளலாம். வாப்பா ஒரு ரூபாயும் தொடவில்லை.