ஒரே லாகின், பத்துப் பேர்: ஆபீஸ் ஏஐ-யில் எது பொது, எது தனி?

பத்துப் பேர் டீம். சாட்ஜிபிடிக்கு ஒரே ஒரு கட்டணக் கணக்கு. பாஸ்வேர்டு வாட்ஸ்அப் குரூப்பில் கிடக்கும். ஹிஸ்டரியைத் திறந்தால், கிளையன்ட்டுக்குப் போன விலைப்பட்டியலுக்குக் கீழேயே யாரோ எழுதிப் பார்த்த ராஜினாமா கடிதம்! பல சின்ன நிறுவனங்களில் 'ஷேர்டு ஏஐ' என்றால் இதுதான். காசு மிச்சம், சரி. ஆனால், லாகினை இன்னொருவருக்குக் கொடுப்பதை ஓப்பன்ஏஐ விதிமுறையே தடுக்கிறது. யார் எதைப் பதிவேற்றினார்கள் என்பதும் தெரியாது.

'அப்போ அவரவர் சொந்தக் கணக்கில் பார்த்துக்கட்டும்' என்பது அதைவிட மோசம். 2023-ல் சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் சோர்ஸ் கோடை சாட்ஜிபிடியில் பேஸ்ட் செய்த விவகாரம் வெளியே வந்தது. அந்த மே மாதமே இத்தகைய ஏஐ கருவிகளுக்கு அந்த நிறுவனம் தடை போட்டது. தனிநபர் கணக்கில் நீங்கள் செட்டிங்ஸில் அணைக்காவிட்டால், உங்கள் உரையாடல் மாடலுக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படலாம். சாட்ஜிபிடி, கிளாட் போன்றவற்றின் பிசினஸ் திட்டங்களில் இயல்பாகவே அப்படிப் பயன்படுத்துவதில்லை. தவிர, சொந்தக் கணக்கில் வேலை பார்த்தவர் வேறு கம்பெனிக்குப் போனால், அந்த வேலையெல்லாம் அவரோடு போய்விடும்.

ஆகவே ஆளுக்கொரு லாகின், மேலே ஒரு நிர்வாகி என்ற டீம் திட்டம்தான் சரி. இதில் 'ப்ராஜெக்ட்' என்ற வசதி இருக்கிறது. ஃபைல்களையும் குறிப்புகளையும் அதில் போட்டு, யார் யார் பார்க்கலாம் என்று நீங்களே முடிவு செய்யலாம். தயாரிப்பு விவரம், மெயில் மாதிரிகள், நன்றாக வேலை செய்த ப்ராம்ப்ட்கள் எல்லாம் பொது ப்ராஜெக்ட்டில் இருக்கட்டும். புதிதாகச் சேர்பவர் முதல் நாளே அதைத் திறந்து வேலையை ஆரம்பிக்கலாம். சம்பளம், அப்ரைசல் போன்றவை இரண்டு மூன்று பேர் மட்டும் உள்ள தனி ப்ராஜெக்ட்டுக்கு. அரைகுறை டிராஃப்ட், 'இதுகூடத் தெரியாதா?' என்று கேட்பார்களோ எனத் தயங்கும் கேள்வி... இவை அவரவர் தனி சாட்டில். அந்தத் தயக்கத்தைப் போக்கவாவது ஒவ்வொருவருக்கும் தனி இடம் வேண்டும்.

வாடிக்கையாளரின் போன் நம்பர், ஆதார் நகல் மட்டும் தேவையில்லாமல் எந்த சாட்டிலும் வேண்டாம். தனிநபர் தரவைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 2023-ம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு.

ஆனால், பலர் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. ஆபீஸ் கணக்கில் 'பிரைவேட்' என்றால் பக்கத்து சீட்காரருக்குத் தெரியாது என்றுதான் அர்த்தம். நிறுவனத்துக்கும் தெரியாது என்று அல்ல. திட்டத்தைப் பொறுத்து, உரையாடல்களை நிர்வாகம் எடுத்துப் பார்க்க வழி இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு மேனேஜர் மீதான புகாரையோ, புது வேலைக்கான ரெஸ்யூமேயையோ அதில் எழுதுபவருக்கு இது தெரியுமா? பெரும்பாலும் யாரும் சொல்வதே இல்லை. தணிக்கைக்காகப் பார்க்க வேண்டியிருக்கும் என்கிறது நிர்வாகம். அந்தக் காரணம் நியாயமானதுதான். சொல்லாமல் பார்ப்பதுதான் நியாயமில்லை. யார், எப்போது, யாருடைய அனுமதியோடு பார்க்கலாம் என்பதை லாகின் கொடுக்கும் நாளிலேயே ஒரு மெயிலில் எழுதிக் கொடுக்கலாமே. நாலு வரி போதும். அந்த மெயில் இதுவரை வரவில்லை என்றால், ஹெச்ஆரிடம் கேளுங்கள். அதுவரை ரெஸ்யூமே வேலையை உங்கள் சொந்த போனில், சொந்தக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.