கண்ணால் தேடும் எதுகை

தமிழ்ப்பள்ளிகளில் குழந்தைப் பாடல் கற்பிக்கப்பெறும் முறை பெரும்பாலும் ஒன்றே. ஆசிரியர் பாடலைப் பலகையில் எழுதுவார். அடிதோறும் இரண்டாம் எழுத்தின்கீழ்க் கோடிடச் செய்வார். ‘இஃது எதுகை’ என்பார். மாணவர் ஏட்டில் எழுதிக்கொள்வர். பாடல் ஒருமுறையேனும் வாய்விட்டுப் பாடப்பெறாமலே பாடம் முடிந்துவிடும். செவிக்குரிய விருந்தைக் கண்ணுக்குப் பரிமாறும் இதனைக் கற்பித்தல் நெறி என்பது தகாது. சோம்பல் என்பதே பொருந்தும்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை எண்ணின் இதன் கேடு விளங்கும். 1929இல் போ தோட்டம் தொடங்கப்பெற்ற காலந்தொட்டு அச்சரிவுகளில் தமிழர் கொழுந்தெடுத்தனர். லயத்து வீடுகளில் தாலாட்டும் விடுகதையும் ஒலித்தன. (லயம் என்னும் சொல்லுக்கே தாள ஒழுங்கு என்றும் ஒரு பொருள் உண்டு.) இன்று கொழுந்தெடுப்போருள் பலர் வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளினின்றும் வந்தோர், தமிழ்க் குடும்பங்கள் பல நகரம் நோக்கிப் பெயர்ந்துவிட்டன. ரிங்லெட், தானா ராத்தா வட்டாரங்களில் எஞ்சிய பிள்ளைகள் பாலர் பள்ளியில் கேட்கும் ஆங்கிலப் பாட்டும், மலாய்ப் பாடத்தில் பயிலும் பந்துனும் அடியின் இறுதியில் ஓசை ஒன்றுபவை. ஆகவே தமிழ்ப் பாட்டிலும் ஒத்த ஓசையை அவர்கள் இறுதியிலேயே தேடுவர். அங்குக் கிடைப்பது இயைபு. தமிழ்ச் செய்யுளோ மோனையும் எதுகையுமாய் அடியின் தொடக்கத்திலேயே மணியடிப்பது. இதனைச் செவிக்கு உணர்த்த ஆசிரியரின் குரலன்றி அப்பிள்ளைகட்கு வேறு துணை யாது?

கோடிடும் முறை இலக்கணத்தையும் பிழைபடவே கற்பிக்கிறது. ‘பட்டு’ என்பதற்குப் ‘பாட்டு’ எதுகை என்கிறான் மாணவன். இரண்டாம் எழுத்து ஒன்றுதானே எனவும் கேட்கிறான். முதலெழுத்தும் அளவொத்தல் வேண்டும். ‘பட்டு, கட்டு’ எனவும் ‘பாட்டு, கூட்டு’ எனவும் உரக்கச் சொல்லிப் பார்ப்பின் விதி தானே புலப்படும். மோனையும் அவ்வாறே. சகரத்துக்குத் தகரமும், மகரத்துக்கு வகரமும் இனம் என்பதைக் கண் ஒருபோதும் காணாது. ‘மலை’யோடு ‘வந்தது’ என்பதைச் சேர்த்த மாணவனுக்குத் தவறு என்று சிவப்பு மை இடும் ஆசிரியரும் உளர்!

ஒலிப்பின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. எழுந்து, விழுந்து, கொழுந்து என்னும் மூன்றையும் கட்டி நிற்பது ழகரம். ஆசிரியரே ‘கொளுந்து’ என்றால், மழையும் களையும் பிள்ளையின் செவியில் ஒன்றாகிவிடும். இரண்டாம் எழுத்து ஒன்றிய எதுகையும் இனம் பற்றி வந்த இடையின எதுகையும் அதற்கு வேறுபடா.

யாப்பு சிறுவர்க்குச் சுமை என்பர் சிலர். கூடை தேமா, கொழுந்து புளிமா, தேயிலை கூவிளம், மலைமுகில் கருவிளம். நேரசைக்கு ஒரு தட்டு, நிரையசைக்கு விரைந்த இரு தட்டு எனக் கைகொட்டச் செய்தால் ஏழு வயதுப் பிள்ளை இவற்றை விளையாட்டாகவே பற்றிக்கொள்ளும். இதில் சுமை எங்கே? பிள்ளைத்தமிழில் சப்பாணிப் பருவம் கைகொட்டலுக்கென்றே அமைந்தது. தொல்காப்பியர் செய்யுளியலில் வண்ணம் இருபது எனப் பகுத்தார். ஓசை இம்மரபில் மேற்பூச்சன்று.

குற்றம் ஆசிரியர்பால் மட்டுமன்று. குழந்தைப் பாடல் எழுதுவோர் பலர் எதுகைக்காகப் பொருந்தாச் சொற்களை இழுத்து நிறுத்துகின்றனர். பூனை வந்தால் பானையும் யானையும் வந்தே தீரும். கவிமணியும் (1876–1954) அழ. வள்ளியப்பாவும் (1922–1989) எளிய சொற்களையே ஆண்டனர். எனினும் அவர்தம் பாடல்களில் ஓசை பொருளைச் சுமந்து வரும்.

‘தேர்வு இருக்கிறது, பாட நேரமில்லை’ என்னும் விடை நெடுங்காலம் வழங்கிற்று. 1988இல் தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பெற்றது. கோடிடும் வழக்கம் நீங்கவில்லை. அதன் வேர் ஆசிரியர் பயிற்சியில் இருக்கிறது. பயிற்சி ஆசிரியர் தாளில் அசை பிரித்துக் காட்டினால் தேறிவிடலாம். ஒரு பாடலைத் தாளத்தோடு பாடிக் காட்டுக எனக் கேட்கும் தேர்வாளர் அரியர். அவ்வாறு தேறி வந்தவர், பிள்ளைகள் முன் நின்றதும் அடிக்கோலைத் தேடுவதில் வியப்பென்ன?