எர்லாங்கன் கடிதம் - 17: ‘ஆனால்’ என்கிற ஒரு வார்த்தை

தேர்தல் வந்தாலே நம்ம கிறிஸ்தவ நண்பர்கள் நடுவில ஒரு பழைய சண்டை புதுசா கிளம்பும். "விசுவாசிக்கு அரசியல் எதுக்கு? ஜெபம் பண்ணிட்டுப் பேசாம இரு"ன்னு ஒரு கோஷ்டி. "சபை ஒரு நிலைப்பாடு எடுத்தே ஆகணும்"னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பேர் கையிலயும் வசனம் தயாரா இருக்கும் :-)

இந்தச் சண்டையில எந்தப் பக்கம் நிக்கிறதுன்னு கேட்கிறவங்களுக்கு, நான் படிக்கிற இந்த ஊர்க் கதை ஒண்ணைச் சொல்லலாம்னு தோணுது. கொஞ்சம் பொறுமையா படிங்க, கடைசியில நம்ம ஊருக்குத்தான் வரப்போறேன்.

1933. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து எட்டு மாசம். யூத வம்சாவளியில வந்தவங்க அரசு வேலையில இருக்கக்கூடாதுன்னு ஏப்ரல்லயே சட்டம் வந்தாச்சு. செப்டம்பர் மாசம் பிரஷ்ய புராட்டஸ்டண்ட் சபையின் பேரவை அதே சட்டத்தைத் தன் போதகர்களுக்கும் கொண்டுவந்தது. தாத்தாவோ பாட்டியோ யூதராக இருந்தால், ஞானஸ்நானம் எடுத்திருந்தாலும் சரி, விசுவாசத்தில் யாருக்கும் குறைஞ்சவரா இல்லாட்டாலும் சரி, போதகராக இருக்க முடியாது. இதுக்குப் பேர் ‘ஆரிய ஷரத்து’.

ஹெஸ்ஸன் பகுதிப் போதகர்கள் சிலர் குழம்பிப்போய் ரெண்டு பல்கலைக்கழகங்களின் இறையியல் துறைகளுக்கு எழுதிக் கேட்டாங்க. ஒண்ணு மார்புர்க், இன்னொண்ணு எங்க எர்லாங்கன். கேள்வி ஒண்ணுதான்: இந்த ஷரத்து வேதத்துக்கு ஒத்துப்போகுமா?

மார்புர்க் பதில் தெளிவா இருந்தது: ஒத்துப்போகாது. சபைக்குள்ள வந்தவர் சபைக்காரர், அவ்வளவுதான்.

எர்லாங்கன் பதிலை எழுதினவங்க பவுல் அல்ட்ஹவுஸ், வெர்னர் எலர்ட். தேதி 25 செப்டம்பர் 1933. ரெண்டு பேரும் சாதாரண ஆளுங்க இல்லை. லுத்தரைப் பற்றி அல்ட்ஹவுஸ் எழுதின புத்தகங்களை இன்னைக்கும் செமினரிகள்ல படிக்கிறாங்க. அவங்க எழுதினதின் சாரம் இதுதான்: கிறிஸ்துவுக்குள் யூதன், யூதனல்லாதவன் என்ற வித்தியாசம் கடவுள் முன்னால் கிடையாது. ஆனால், அதனால் பிறப்பாலும் சமூகத்தாலும் வந்த வேறுபாடுகள் இந்த உலகத்தில் ரத்தாகிவிடாது. மக்களோட சபை மக்களோட உணர்வை மதிக்கணும். ஆகவே யூத வம்சாவளிக் கிறிஸ்தவர்கள் போதகப் பதவியிலிருந்து ஒதுங்கி நிற்கும்படி சபை கேட்கலாம். ஏற்கெனவே பதவியில் இருப்பவர்களை மொத்தமாக நீக்க வேண்டாம்.

அந்த ‘ஆனால்’ இருக்கு பாருங்க, அதுதான் இந்தக் கடிதத்தோட விஷயம்.

அதுக்கு முன்னால இருக்கிற வாக்கியத்தை எந்த போதகரும் பிரசங்கம் பண்ணலாம். பின்னால இருக்கிற வாக்கியம் ஒரு மனுஷனோட வேலையைப் பறிக்குது. முதல் வாக்கியம் இருக்கிறதாலதான் ரெண்டாவதை எழுதறப்போ மனசாட்சி உறுத்தலை. சமத்துவத்தைக் கடவுள் கணக்குல எழுதியாச்சு, உலகக் கணக்கு பழையபடி நடக்கலாம்.

"அந்தக் காலம் அப்படி, தொண்ணூறு வருஷம் கழிச்சு உட்கார்ந்து நாம தீர்ப்பு சொல்லக்கூடாது"ன்னு சிலர் சொல்வாங்க. எனக்கு அது சரியாப் படலை. மார்புர்க்காரங்களும் அதே காலத்துலதான், அதுவும் அதே மாசத்துலதான் பதில் எழுதினாங்க. அவ்வளவு ஏன், எர்லாங்கன் துறைக்கு அதே 1933-ல பேராசிரியரா வந்து சேர்ந்த ஹெர்மன் சாஸ்ஸே, நாஜிக் கட்சி ஆட்சிக்கு வர்றதுக்கு முன்னாலயே, 1932-ல, அந்தக் கட்சித் திட்டத்தின் 24-ஆவது பிரிவைக் கிழிச்சு எழுதினவர். ஜெர்மானிய இனத்தின் ஒழுக்க உணர்வுக்கு விரோதமில்லாத வரைக்கும் மதங்களுக்குச் சுதந்திரம்னு சொல்ற பிரிவு அது. இதைக் கண்டும் காணாம எந்தச் சபையும் இவங்களோட பேச முடியாதுங்கறது அவர் கட்சி. ஆக, காலம் எல்லாருக்கும் ஒண்ணுதான். பதில்தான் வேற.

சாஸ்ஸேவை ஹீரோவாக்கவும் வரலை. 1934 மே மாசம் பார்மன் நகரத்தில், சபைக்குத் தலைவர் கிறிஸ்து மட்டுமேன்னு எதிர்ப்பாளர்கள் பிரகடனம் பண்ணினப்போ, லுத்தரன்களும் மத்தவங்களும் சேர்ந்து ஒரே அறிக்கை விடுவது தப்புன்னு சொல்லி அவர் கிளம்பிப் போயிட்டார். எதிரி வாசல்ல நிக்கறப்போ உபதேச வித்தியாசம் பெருசாத் தெரிஞ்சிருக்கு. அல்ட்ஹவுஸும் எலர்ட்டும் அந்தப் பிரகடனத்துக்கு எதிராவே கையெழுத்துப் போட்டாங்க. 1934 ஜூன்ல வந்த அந்த ‘அன்ஸ்பாக்’ அறிக்கை, ஹிட்லரைத் தந்ததுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லுது.

இன்னொரு சம்பவமும் சொல்லணும். அதே 1934 அக்டோபர்ல பவேரியா புராட்டஸ்டண்ட் பிஷப் ஹான்ஸ் மைஸரை வீட்டுக்காவல்ல வெச்சாங்க. ஜனங்க தெருவுக்கு வந்துட்டாங்க. இந்த ஃப்ராங்கன் பகுதி விவசாயிகள் மியூனிக் வரைக்கும் போய் முறையிட்டாங்க. அந்த மாசக் கடைசியில பிஷப்பை விட்டுட்டாங்க. சர்வாதிகாரத்துலயும் ஜனங்க திரண்டா அரசு பின்வாங்கும்ங்கறதுக்கு இது சாட்சி. ஆனா அடுத்த வருஷம், 1935 செப்டம்பர்ல, இங்கிருந்து ரயில்ல கொஞ்ச நேரத்துல போயிடக்கூடிய நியூரம்பர்க்ல யூதர்களின் குடியுரிமையைப் பறிக்கிற சட்டங்களை அறிவிச்சப்போ அப்படி ஒரு கூட்டம் கிளம்பலை. தன் பிஷப்புக்கு வந்த தைரியம் பக்கத்து வீட்டுக்காரனுக்கு வரலை. மைஸரே 1926-ல யூதர்களைப் பற்றி மோசமா எழுதினவர்தான். அதனாலதான் நியூரம்பர்க்லயும் (2007) மியூனிக்லயும் (2010) அவர் பேர்ல இருந்த தெருக்களுக்குப் பேரை மாத்தினாங்க.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

திருக்குறளை ஜெர்மன்ல மொழிபெயர்த்து 1856-ல வெளியிட்ட கார்ல் கிரவுல் கடைசிக் காலத்துல வாழ்ந்ததும் 1864-ல இறந்ததும் இதே எர்லாங்கன்லதான். லைப்சிக் மிஷனின் இயக்குநரா இருந்தவர். 1849-லிருந்து 1853 வரை பயணம் செஞ்சு, தமிழ்நாட்டில் தங்கித் தமிழ் படிச்சவர். தமிழுக்கு அவர் செஞ்சது பெரிய காரியம், அதுல சந்தேகமே இல்லை.

அதே கிரவுல்தான் தமிழ் லுத்தரன் சபைகள்ல சாதி இருக்கட்டும்னு வாதாடினவரும். சாதி ஒரு சமூக ஏற்பாடு, மத விஷயம் இல்லை. திருவிருந்தில் எல்லாரும் ஒண்ணா வரணும், ஆனால் வெளிப்பழக்கத்தைச் சபை கட்டாயப்படுத்தி மாத்தக்கூடாது, காலப்போக்கில் அது தானா கரையும்ங்கறது அவர் வாதம். கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-லயே சாதியை உடனே விட்டுடணும்னு ஆங்கிலிக்கன் சபைகளுக்குக் கடிதம் போட்டிருந்தார். அதை ஏத்துக்காத தஞ்சாவூர்ப் பக்கத்து உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் லுத்தரன் சபைக்கு வந்து சேர்ந்தாங்க. கிரவுலோட மிஷன்லயே கார்ல் ஓக்ஸ் இதை எதிர்த்துப் பிரிஞ்சு போனார். ஆக இங்கேயும் ‘அந்தக் காலம் அப்படி’ செல்லாது.

கிரவுலையும் 1933 பேராசிரியர்களையும் ஒரே தராசுல வைக்கலை. அவர் யாரையும் வெளியே தள்ளச் சொல்லலை, பின்னால நடந்த கொலைகளுக்கு அவர் பொறுப்பும் இல்லை. ஆனா வாக்கியம் அதே வாக்கியம். நடுவுல அதே ‘ஆனால்’.

தானா கரைஞ்சுதா? திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவங்களுக்கு நடுவில எழுந்த சுவரைப் பத்தி நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. உளுந்தூர்பேட்டை பக்கம் எறையூர்ல, 2008 மார்ச்சில், தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்கு கேட்ட விவகாரம் கலவரமாகி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ரெண்டு பேர் செத்தாங்க. அடிச்சவங்களும் அடிவாங்கினவங்களும் ஒரே கோயில்ல பூசை பார்த்தவங்க.

இதுல நம்ம சிக்கல் ஒண்ணு இருக்கு. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கு மட்டும்னு இருந்து, 1956-ல சீக்கியர்களுக்கும் 1990-ல பௌத்தர்களுக்கும் நீண்டது. தலித் கிறிஸ்தவர்களுக்கும் வேணும்னு நாம கோர்ட்டு வரைக்கும் போய்க் கேட்டோம். கேட்டது முழு நியாயம். மதம் மாறினாலும் சாதி விடலைங்கறதுதான் அங்கே நம்ம வாதம். அதையே ஞாயித்துக்கிழமை சபைக் கூட்டத்துல ஒருத்தர் எழுந்து சொன்னா, "இங்கே சாதியெல்லாம் இல்லை பிரதர், உட்காருங்க"ன்னுடறோம். அரசாங்கத்துக்கு ஒரு சாட்சி, ஆண்டவருக்கு ஒரு சாட்சியா?

இப்போ முதல் கேள்விக்கு வர்றேன். 2024 பிப்ரவரியில ஜெர்மன் கத்தோலிக்க பிஷப்புகள் கூடி, இனத்தை வெச்சுத் தேசத்தை வரையறுக்கிற அரசியலும் கிறிஸ்தவமும் ஒத்துப்போகாது, அப்படிப்பட்ட கட்சி கிறிஸ்தவர்கள் ஓட்டுப் போடக்கூடியது இல்லைன்னு, ஏஎஃப்டியைப் பேர் சொல்லியே அறிவிச்சாங்க. ஒரு வருஷம் கழிச்சு நடந்த தேர்தல்ல அந்தக் கட்சி 20.8 சதவீதம் வாங்கி ரெண்டாவது இடத்துக்கு வந்தது. அறிக்கை விட்டா ஓட்டு மாறிடாதுங்கறது தெரிஞ்சுது. அதுக்காக அறிக்கை வீண்னு நான் சொல்லமாட்டேன். மார்புர்க் பதிலும் ஆட்சியை மாத்தலை. ஆனா யார் வேலையைப் பறிக்க இருந்தாங்களோ அவங்களுக்கு, தன் சபையில எல்லாரும் தன்னைக் கைவிடலைன்னு அது சொல்லியிருக்கும்.

அதனால அரசியல் பேசலாமா கூடாதாங்கற கேள்வி எனக்கு இப்ப பெருசாத் தெரியலை. எர்லாங்கன் பேராசிரியர்கள் அரசியல் பேசினாங்க, தப்பாப் பேசினாங்க. பேசாம இருந்தவங்களும் தப்புலதான் போய் நின்னாங்க. நான் கேட்டுக்கிற கேள்வி வேற: நாம சொல்ற ‘ஆனால்’ யார் தலையில போய் விழுது? நம்ம தலையில விழுந்தா அது தியாகம். அந்த ரூம்லயே இல்லாத ஒருத்தர் தலையில விழுந்தா, அதுக்கு எத்தனை வசனம் துணைக்கு வந்தாலும் அது தியாகமில்லை. கட்சிக்கும் இதே கேள்வி, கல்லறைத் தோட்டக் கமிட்டிக்கும் இதே கேள்வி.

உங்க சபையில, உங்க ஊர்ல எப்படி? கிறிஸ்தவர் இல்லாத நண்பர்களும் சொல்லலாம், இந்த ‘ஆனால்’ எங்களுக்கு மட்டும் சொந்தமானது இல்லையே.

அடுத்த கடிதத்தில் சந்திப்போம்.